தாய்லாந்துக்குத் திரும்புகிறவர்களுக்கு எந்த விசா?

தாய்லாந்தில் பத்து ஆண்டு வாழ்ந்தவராகவே இருக்கட்டும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ, வேலைக்காகவோ சொந்த நாட்டுக்குப் போய் இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பினால், சுவர்ணபூமி விமான நிலையத்தில் அவர் புதிதாக வருகிறவர்தான். பாங்காக்கில் வங்கிக் கணக்கு இருக்கலாம், சியாங் மாயில் வாடகை வீடு இருக்கலாம், தாய் மொழி சரளமாக வரலாம். குடியேற்றத் துறையின் கணக்கில் இவை எதற்கும் மதிப்பெண் கிடையாது. முன்பு வசித்தவர் என்பதற்காகத் தனிச் சலுகை விசா எதையும் அந்த நாடு வைத்திருக்கவில்லை.

காரணம், அங்கே நெடுங்காலம் தங்குகிற வெளிநாட்டவரில் பெரும்பாலோர் வாழ்வது விசாவில் அல்ல, ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் நீட்டிப்பில். விசா என்பது உள்ளே வருவதற்கான சீட்டு. வந்த பிறகு குடியேற்ற அலுவலகம் 1,900 பாட் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓராண்டு தங்க அனுமதிப்பதுதான் நீட்டிப்பு. மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். அதில் பத்து மாதம் பாக்கி இருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை போய்வர 1,000 பாட், பலமுறை போய்வர 3,800 பாட். அந்த அனுமதியும் நீட்டிப்பின் கடைசித் தேதி வரைதான் செல்லும். வெளிநாட்டில் இருந்தபடி நீட்டிப்பைப் புதுப்பிக்க வழியில்லை.

இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பது 2020இல் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் 26 அன்று அவசரநிலை ஆணை வந்து எல்லைகள் மூடப்பட்டபோது, விடுமுறைக்கு வெளியே போயிருந்தவர்கள் வெளியிலேயே மாட்டிக்கொண்டார்கள். பிறகு தூதரகச் சான்றிதழ், கட்டாயத் தனிமை என்று நிபந்தனைகளுடன் கதவு மெல்லத் திறந்தது. அதற்குள் பலருக்கு நீட்டிப்புத் தேதி கடந்துபோயிருந்தது. வீடு, வாகனம், சில வேளை மனைவி பிள்ளைகள்கூட உள்ளே. வெளியே மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் முதல் விண்ணப்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இன்றைக்குத் திரும்புகிறவர் நிலையும் அதேதான். ஆகவே எந்த வழியில் புதிதாக நுழைவது என்பதே கேள்வி. வயது, பணம், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் பார்த்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு

ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கு 'நான்-ஓ' என்ற பழைய பாதைதான் இன்னமும் மலிவானது, சிக்கல் குறைந்தது என்பது என் கருத்து. முதலில் 90 நாள் விசா. அதை வெளிநாட்டிலிருந்து இணையவழியில் எடுக்கலாம். சுற்றுலா அனுமதியில் உள்ளே வந்து, அதில் குறைந்தது 15 நாள் பாக்கி இருக்கும்போதே குடியேற்ற அலுவலகத்தில் 2,000 பாட் கட்டி மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அந்த 90 நாள் முடியும் தறுவாயில் ஓய்வுக்கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பண நிபந்தனை எல்லோரும் சொல்வதுபோல் வெறும் '8 லட்சம் பாட்' அல்ல. உங்கள் பெயரில் தாய் வங்கி ஒன்றில் 8 லட்சம் பாட் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. அதன்பின் பாதியை எடுக்கலாம், ஆனால் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சம். அதாவது ஆண்டில் ஐந்து மாதம் எட்டு, ஏழு மாதம் நான்கு. இந்தப் பணத்தைச் செலவுப் பணமாக எண்ணாமல், அந்த நாட்டில் கட்டிவைத்த முன்பணமாக எண்ணிக்கொள்வது நல்லது.

மாதம் 65,000 பாட் வருமானம் காட்டுவது மாற்று வழி. திரும்பி வருகிறவருக்கு இது அவ்வளவாக உதவாது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் தங்கள் குடிமக்களுக்கு வருமானச் சான்றுக் கடிதம் தருவதை 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டன. அதன்பின் மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து தாய் வங்கிக்குப் பணம் வந்ததற்கான பதிவே சான்று. இரண்டு ஆண்டு வெளியே இருந்தவரிடம் அந்தப் பதிவு எங்கே இருக்கும்? முதல் ஆண்டு வைப்புத்தொகையைக் காட்டிவிட்டு, பிறகு வேண்டுமானால் மாதவரவுக்கு மாறலாம்.

திரும்புகிறவருக்கு உள்ள ஒரே உண்மையான சாதகம் இங்கேதான் இருக்கிறது: பழைய வங்கிக் கணக்கு. நெடுங்கால விசா இல்லாத வெளிநாட்டவருக்குப் புதுக் கணக்கு திறக்க வங்கிகள் தயங்குகின்றன. விசா எடுக்கக் கணக்கில் பணம் வேண்டும், கணக்கு திறக்க விசா வேண்டும் என்ற இந்தச் சுழலில் புதியவர்கள் திண்டாடுவார்கள். கணக்கு உயிரோடு இருக்கிறவர் பணத்தை அனுப்பிவிட்டு விமானம் ஏறலாம். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் கணக்கு முடங்கிப்போகும். வெளியே இருக்கும் காலத்திலும் அவ்வப்போது சிறு தொகையாவது போட்டு எடுத்து வாருங்கள்.

'ஓ-ஏ' என்றொரு விசாவும் உண்டு. அதற்கும் 50 வயது வேண்டும்; சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ இருந்தபடிதான் விண்ணப்பிக்க முடியும். பணத்தைச் சொந்த நாட்டு வங்கியிலேயே காட்டலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் 2019 அக்டோபர் 31 முதல் இதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். தாய்லாந்துக்குள் நீட்டிக்கும்போதும் அது தொடர வேண்டும். 'நான்-ஓ' வழியில் இந்தக் கட்டாயம் இல்லை. எழுபதைக் கடந்தவருக்குக் காப்பீடு கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை எட்டாது. அதனால்தான் 'ஓ-ஏ'வில் இருந்த முதியவர்கள் சிலர் வேண்டுமென்றே அந்த அனுமதியைக் கைவிட்டு வெளியேறி, 'நான்-ஓ'வில் திரும்பி வந்தார்கள். பழைய நீட்டிப்பு போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் முன்பு 'ஓ-ஏ'வில் இருந்திருந்தால், இப்போது பாதை மாறிக்கொள்ள அது நல்ல வாய்ப்பு. விதி கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகக் காப்பீடே இல்லாமல் இருப்பது வேறு விஷயம். தனியார் மருத்துவமனையில் ஒரு மாரடைப்பு அந்த 8 லட்சத்தைக் கரைத்துவிடும்.

பத்தாண்டு தரும் 'ஓ-எக்ஸ்' விசா 14 நாட்டவருக்கு மட்டும். ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா தவிர மற்றவை ஐரோப்பிய நாடுகள். இந்தியர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

தாய் நாட்டவரை மணந்திருந்தால் வயது வரம்பே இல்லை. வங்கியில் 4 லட்சம் பாட் அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் போதும். திருமணம் உண்மையானதுதானா என்பதற்கு வீட்டுப் புகைப்படம், சாட்சி, வரைபடம் என்று காகித வேலை கூடுதல். பதிலுக்கு ஒரு பெரிய பலன் உண்டு: தொழில் அனுமதி பெற்று வேலை பார்க்கலாம். ஓய்வுக்கால நீட்டிப்பில் இருப்பவர் கூலிக்கு எந்த வேலையும் செய்யக்கூடாது.

வயது குறைந்தவர்களுக்கு

ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முன்பெல்லாம் மொழிப் பள்ளி விசாவும், கெடு முடியும்போது எல்லையைத் தாண்டி உடனே திரும்பும் எல்லை ஓட்டமும்தான் கதி. 2024 ஜூலை 15 அன்று அறிமுகமான 'டிடிவி' அந்த நிலையை மாற்றியது. ஐந்தாண்டு செல்லும் விசா. ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். இருபது வயது நிரம்பி, 5 லட்சம் பாட் சேமிப்பு காட்டி, வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வதை நிரூபித்தால் கிடைக்கும். முய் தாய் குத்துச்சண்டைப் பயிற்சி, தாய்ச் சமையல் வகுப்பு, மருத்துவச் சிகிச்சை ஆகியவற்றின் பேரிலும் தருகிறார்கள். தாய்லாந்துக்கு வெளியே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

நல்ல விசாதான். ஆனால் குடியிருக்கும் விசா என்று அதை நினைத்தால் ஏமாற்றம். தாய் நிறுவனத்துக்கு வேலை செய்ய முடியாது. அனுமதித்த நாள் முடிந்தால் வெளியே போய் வர வேண்டும். எத்தனை ஆண்டு இருந்தாலும் நிரந்தர வசிப்புரிமைக்கான கணக்கில் அந்தக் காலம் சேராது. மூன்று ஆண்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்கிறவருக்கு இது சரி.

பணம் தாராளமாக இருப்பவருக்கு அரசு நேரடியாகவே விற்கும் விசா ஒன்று உண்டு. 2003இல் தாக்சின் ஷினவாத்ரா ஆட்சியில் 'தாய்லாந்து எலைட்' என்று தொடங்கி, 2023 அக்டோபரில் 'தாய்லாந்து பிரிவிலேஜ்' என்று பெயர் மாறிய உறுப்பினர் அட்டை. ஐந்தாண்டுக்கு 9 லட்சம் பாட், பத்தாண்டுக்கு 15 லட்சம். பின்னர் 6.5 லட்சத்தில் ஒரு ஐந்தாண்டு அட்டையும் வந்தது. வயது வரம்பு இல்லை, வருமானச் சான்று இல்லை. கட்டிய பணம் திரும்ப வராது. 'நான்-ஓ'வின் 8 லட்சம் கடைசிவரை உங்கள் பணம்; இந்த 9 லட்சம் போனது போனதுதான். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் வரிசையில் நிற்கும் அலுப்புக்காக மட்டும் இதை வாங்குவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. நாற்பது வயதுக்காரருக்கு வேறு வழி அடைபட்டிருந்தால் யோசிக்கலாம்.

இன்னொரு மேல்தட்டு வழி 2022 செப்டம்பர் 1இல் வந்த 'எல்டிஆர்'. முதலீட்டு வாரியம் தகுதி பார்த்து, 50,000 பாட் கட்டணத்தில் பத்தாண்டு தருகிறது. ஓய்வுபெற்றவர் பிரிவில் ஆண்டுக்கு 80,000 டாலர் ஓய்வூதியமோ முதலீட்டு வருமானமோ வேண்டும். 40,000 டாலர் மட்டும் இருந்தால் தாய்லாந்தில் 2.5 லட்சம் டாலர் முதலீடு செய்ய வேண்டும். மறுநுழைவு அனுமதி தேவையில்லை. முகவரி அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

'எல்டிஆர்' விசாவின் உண்மையான மதிப்பு வரியில் இருக்கிறது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருப்பவர் அங்கே வரி வசிப்பாளர். முன்பு வெளிநாட்டில் சம்பாதித்ததை அடுத்த ஆண்டு கொண்டுவந்தால் வரி இல்லை. 2024 ஜனவரி 1 முதல் அந்தச் சந்து அடைக்கப்பட்டது. அந்தத் தேதிக்குப் பின் ஈட்டியதை எந்த ஆண்டு கொண்டுவந்தாலும் வரிக்கணக்கில் வரும், முன்பே சேர்த்ததற்கு விலக்கு உண்டு. 'எல்டிஆர்' செல்வந்தர், ஓய்வூதியர், தொலைவேலைப் பிரிவினருக்கு வெளிநாட்டு வருமானத்தில் விலக்கு தரப்பட்டிருக்கிறது. மற்ற விசாக்களுக்கு அது இல்லை. 2024க்கு முன் வாழ்ந்த நினைவில் திரும்புகிறவர்களில் பலர் இதை அறியாமல் வருகிறார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளுடன் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு என்றாலும், முன்பே சேர்த்தது என்று காட்டப் பழைய சேமிப்புக்கான 2023 டிசம்பர் 31 தேதியிட்ட வங்கி அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீலோம் மாரியம்மன் கோயிலைச் சுற்றி ரத்தின வணிகம் செய்த தமிழ்க் குடும்பங்கள் போல் தொழிலுக்காகவே திரும்புகிறவர்களுக்கு மேலே சொன்னவை பொருந்தா. அவர்களுக்கு 'நான்-பி' விசாவும் தொழில் அனுமதியும்தான். சொந்த நிறுவனம் என்றால் பொதுவாக ஒரு வெளிநாட்டவருக்கு 20 லட்சம் பாட் மூலதனமும் நான்கு தாய்ப் பணியாளர்களும் வேண்டும். கஷ்டமான பாதை என்றாலும், மூன்று ஆண்டு தொடர் நீட்டிப்புக்குப் பின் நிரந்தர வசிப்புரிமை கேட்க முடிவது இதில்தான் எளிது. அதற்கும் ஒரு நாட்டவருக்கு ஆண்டில் 100 பேர் என்றே வரம்பு.

எந்த விசாவில் வந்தாலும் சில சில்லறைக் கடமைகள் மாறாதவை. வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் வருகையைப் பதிய வேண்டும். அந்த ரசீது இல்லாமல் வேறு வேலை நடக்காத அலுவலகங்கள் உண்டு. 'எல்டிஆர்' தவிர மற்றவர்கள் தொடர்ந்து 90 நாள் தங்கினால் முகவரி அறிக்கை. 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. 90 நாளுக்கு மேல் போனால் தானாக வெளியேறினாலும் ஓராண்டு தடை.

இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட 93 நாட்டவருக்கு 2024 ஜூலையில் விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதி கிடைத்தது. அதைக் குறைக்கும் பேச்சு 2025இலேயே கிளம்பிவிட்டது. பயணச்சீட்டு எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தில் உள்ள நாள் கணக்கை மட்டும் நம்புங்கள். 8 லட்சத்தை நாங்களே உங்கள் கணக்கில் போட்டுக் காட்டிவிடுகிறோம் என்று கட்டணம் கேட்கும் ஏஜென்டுகள் பட்டாயாவிலும் புக்கெட்டிலும் நிறைய. அந்தப் பணம் உங்களுடையது அல்ல என்று தெரிந்தால் நீட்டிப்பு ரத்தாகப் போவது உங்கள் பாஸ்போர்ட்டில்தான், அவர்களுடையதில் அல்ல.