ஆலை கைமாறினால் பாக்கி யாருக்கு?

எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் மில்லையும் தீப்பெட்டி ஆபீசையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. தொழிற்சாலை விலைபோனால், பழைய முதலாளி வைத்த பாக்கியை யார் தருவது?

ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால், நிறுவனமும் அதன் கடனும் அப்படியே நிற்கும். நிலம், இயந்திரம் போன்ற சொத்துக்களை மட்டும் வாங்கியவரோ, தாமாக ஏற்றாலன்றிப் பொதுவாகப் பழைய கடனைச் சுமப்பதில்லை. பங்குகளை வாங்கியவரும் விலகி நிற்க வழியுண்டு என்பதற்குப் போபால் சாட்சி. 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. 2001இல் அமெரிக்கத் தாய் நிறுவனத்தை டௌ கெமிக்கல் வாங்கியது. கார்பைடு இன்றும் தனி நிறுவனம், அந்த ஆலை ஒருநாளும் எங்களுடையதன்று என்பது டௌவின் வாதம். கூடுதல் இழப்பீடு கோரிய மத்திய அரசின் மனுவை 2023 மார்ச் 14இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கே கிடந்த 337 டன் கழிவு 2025இல்தான் அகற்றி எரிக்கப்பட்டது, அதுவும் அரசுப் பணத்தில்!

கடன் மாற்றத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘ஹவாலா’ என்கின்றன. (இன்று அச்சொல்லுக்கு வந்துவிட்ட கெட்ட பெயரை மறந்துவிடுங்கள்.) கடன் கொடுத்தவரின் சம்மதமின்றி அது செல்லாது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. விற்றவரும் வாங்கியவரும் தமக்குள் எழுதிக்கொண்டதால் மூன்றாமவரின் உரிமை அழிவதில்லை.

தொழிலாளியின் பொருட்டு நாட்டுச் சட்டமும் இவ்வழியே சென்றது. மாற்றத் தேதி வரையிலான பி.எஃப். பாக்கிக்குப் பழையவரும் புதியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஆனால் புதியவரின் பொறுப்பு, அவர் பெற்ற சொத்தின் மதிப்பளவே. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து உழைத்தவருக்கு, பணி முறியாமலும் நிபந்தனைகள் குறையாமலும் பழைய பணிக்காலத்தைப் புதியவர் ஏற்க வேண்டும். இல்லையேல் ஆண்டுக்கு 15 நாள் சராசரிக் கூலி வீதம் பழைய முதலாளி இழப்பீடு தர வேண்டும். இது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் வகுத்த விதி. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களிலும் இவற்றின் சாரம் நிலைக்கிறது.

கைமாறும் நாளில் ராஜினாமாக் கடிதம் கேட்பதுண்டு. தாமாக விலகியவர் என்று பதிவானால் இழப்பீடு கேட்பதும் பணித் தொடர்ச்சியை நிரூபிப்பதும் கடினமாகிவிடும். ஆகவே, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். பி.எஃப். எண், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை வீட்டுப் பெண்களும் அறியும் இடத்தில் வையுங்கள்.