குளிர்ந்த இயந்திரம், குறையாத வருவாய்

கடன் பெற்று வாங்கிய பிக்கப் வண்டி நின்றுவிட்டால் வாடகை நிற்கும். தவணைத் தேதி நிற்காது. வண்டியை நாள்கணக்கில் பணிமனையில் முடக்கும் பழுதுகளுள் முதன்மையானது, இயந்திரம் மிகையாகச் சூடேறி சிலிண்டர் ஹெட் வளைவதும் கேஸ்கெட் கெடுவதுமாகும். வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. எனவே, ரேடியேட்டரில் உள்ள கூலண்டைக் காலம் தவறாமல் வடித்துப் புதிதாக நிரப்புவதே நமக்குரிய காப்பீடு. ஒரு விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே இதைச் செய்யலாம். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திடம் விடுவது நன்று.

தண்ணீர் மட்டும் போதாதா?

போதாது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கும், உலோகமும் துருவேறும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகச் சேர்ந்தால், கொதிநிலை ஏறத்தாழ 107 பாகை செல்சியசுக்கு உயரும். உறைநிலை சுழியத்துக்குக் கீழே 35 பாகையையும் தாண்டும். நாக்பூரின் மே மாத வெயிலுக்கும் லே நகரின் சனவரிக் குளிருக்கும் அதே கலவை பொருந்துவது இதனால்தான். ஆனால், கூலண்டில் சேர்ந்துள்ள துருத்தடுப்புப் பொருள்கள் நாளடைவில் வலுவிழக்கும். மாற்றவேண்டிய காலமும் உரிய வகையும் வண்டியின் கையேட்டில் இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து இருவேறு வகைகளைக் கலத்தல் கூடாது.

வடித்தல்

இரவு முழுவதும் ஆறிய இயந்திரத்தில்தான் வேலையைத் தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் பொசுக்கிவிடும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்போம். அடியில் அகன்ற பாத்திரத்தை வைத்து, மூடியைத் திறந்தபின் ரேடியேட்டரின் கீழுள்ள வடிகால் திருகைத் தளர்த்துவோம். வடிந்ததும் திருகை மூடி, காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, மூடியிட்டு இயந்திரத்தைச் சூடேறும்வரை ஓட்டி, முழுதும் ஆறியபின் மீண்டும் வடிப்போம். நீர் தெளிவாக வரும்வரை இதைத் தொடரலாம்.

நிரப்புதல்

பலர் தவறுவது இங்கேதான். வடித்த பிறகும் இயந்திரத்தின் உள்ளே சிறிது நீர் தங்கியிருக்கும். ஆதலால் நீர் கலவாத கூலண்டையே முதலில் ஊற்ற வேண்டும். கையேடு கூறும் மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர் என்றால், கூலண்ட் 4 லிட்டர். பிறகு நிரம்பும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர். மூடியைத் திறந்தே வைத்து இயந்திரத்தை மெல்ல ஓடவிடுவோம். தெர்மோஸ்டாட் திறந்து மேல்குழாய் சூடேறும்போது, உள்ளே சிக்கிய காற்று குமிழியாய் வெளியேறி மட்டம் இறங்கும். கூலண்டும் நீரும் சமமாய்க் கலந்து அதை ஈடுசெய்து மூடுவோம். துணைத் தொட்டியை இரு கோடுகளுக்கும் இடையே நிரப்புவோம். விசிறிக்கு அருகே துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் ஆகா. மறுநாள் காலை மட்டத்தை மீண்டும் பார்ப்பது கட்டாயம்.

கழிவில் கவனம்

பழைய கூலண்ட் இனிப்புச் சுவை உடையது. ஆயினும் கொடிய நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் கன்றுகளும் அதை நக்கிவிடக் கூடும். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய கேனில் சேவை மையத்திடம் ஒப்படைப்போம்.

வடித்த நீரில் எண்ணெய் மிதந்தாலோ, புதிதாக நிரப்பியும் மட்டம் குறைந்துகொண்டே வந்தாலோ, அது நம் கைவேலைக்கு அப்பாற்பட்டது. அன்றே மெக்கானிக்கிடம் காட்டிவிடுவோம். ஒரு நாள் வாடகையை விடுவது, ஒரு மாத வருவாயை இழப்பதைவிட மேலானது.