உங்கள் கணக்கில் கைபேசி எண்ணை மாற்றியது யார்?

ஒரு செயலியில் உங்கள் கைபேசி எண்ணை மாற்றிவிட்டு ‘சேமி’ என்ற பொத்தானைத் தட்டுகிறீர்கள். உடனே செயலியிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது. ‘இந்தக் கணக்குக்கு உரியவரின் எண் இனி இது’ என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. இப்படி வரும் கோரிக்கைகளை வாங்கி நிறைவேற்றும் வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத இந்த வாசலில் காவல் சரியாக இல்லாவிட்டால், உங்கள் கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் பயனில்லை.

காவல் என்பது இரண்டு கேள்விகள். கோரிக்கை அனுப்பியவர் முறையாக லாகின் செய்தவரா? அவர் மாற்றச் சொல்லும் கணக்கு அவருடையதுதானா? முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடும் மென்பொருள்கள் ஏராளம். அங்கே, லாகின் செய்த ஒருவர் தன் கணக்கு எண் இருக்கும் இடத்தில் அடுத்தவரின் எண்ணைப் போட்டு அனுப்பினாலே போதும், அடுத்தவரின் விவரம் அவர் கைக்குப் போய்விடும். மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு, ஏபிஐகளுக்கு வரும் பத்துப் பெரிய ஆபத்துகளை 2019இலும் 2023இலும் பட்டியலிட்டது. இரண்டு முறையும் முதலிடம் இந்தக் குறைக்குத்தான்.

அமெரிக்க அஞ்சல் துறையில் 2018 நவம்பரில் வெளிப்பட்டது இதேதான். அதன் இணையதளத்தில் கணக்கு வைத்திருந்த யார் வேண்டுமானாலும் மற்றவர்களின் விவரங்களைப் பார்க்க முடிந்தது. அங்கே இருந்தவை ஏறத்தாழ 6 கோடிக் கணக்குகள். பார்ப்பதோடு நிற்கவில்லை. இன்னொருவரின் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் மாற்றும்படி கோரிக்கை அனுப்பவும் முடிந்தது. மின்னஞ்சலை மாற்ற முயன்றால் பழைய முகவரிக்கு உறுதி கேட்டு ஒரு செய்தி போனது. அந்த ஒரு தடுப்பாவது இருந்தது. இந்தக் குறையை ஓர் ஆய்வாளர் ஓராண்டுக்கு முன்பே துறைக்குத் தெரிவித்திருந்தார். ஒரு பத்திரிகையாளர் கேள்வி எழுப்பிய பிறகுதான் அது சரிசெய்யப்பட்டது.

இன்னொரு வகைக் குறையும் உண்டு. வரும் கோரிக்கையில் எந்தெந்தப் புலங்கள் (விவரம் நிரப்பும் இடங்கள்) இருந்தாலும் சர்வர் அப்படியே எழுதிக்கொள்வது. 2012 மார்ச்சில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில், தன் பாதுகாப்புச் சாவியைப் புதுப்பிக்கும் படிவத்தில் இல்லாத ஒரு புலத்தை ரஷ்ய இளைஞர் ஒருவர் சேர்த்து அனுப்பினார். அவருடைய சாவி, புகழ்பெற்ற ரெயில்ஸ் மென்பொருள் திட்டத்தின் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. உலகமே பயன்படுத்தும் நிரலில் கைவைக்கும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆபத்தை முன்பே எச்சரித்தும் யாரும் பொருட்படுத்தாததால்தான் இப்படிச் செய்து காட்டினார். நம் ஊர் மாணவர்கள் இதைப் பார்த்து அடுத்தவர் கணக்கில் சோதித்துப் பார்க்கக் கூடாது. அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கில் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. குறை கண்ணில் பட்டால் நிறுவனத்துக்கும், இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் எழுதுங்கள்.

விவரம் கசிவதைவிட விவரம் மாறுவது கொடியது என்பேன். கைபேசி எண் மாறினால் ஓடிபி புதிய எண்ணுக்குப் போகும். ஓடிபி கையில் இருந்தால் கடவுச்சொல்லையும் மாற்றலாம். உரியவருக்கு ஒரு குறுஞ்செய்திகூட வராமல் போகலாம். ஆகவே எந்த நிறுவனத்திடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எண் மாறும்போது பழைய எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் அறிவிப்பு வருமா? வராது என்றால் அங்கே பணத்தையோ ஆவணங்களையோ வைக்க யோசியுங்கள்.

எண்ணை நாமே புதுப்பிக்காமல் விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குத் தரப்படலாம். பழைய சிம்மை விடுவதற்கு முன்பே வங்கி, வருங்கால வைப்பு நிதி, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

சட்டம் என்ன தருகிறது? 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, உங்கள் விவரங்களைத் திருத்தவும் புதுப்பிக்கவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறையாகும். அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள் துணை நிற்கும். அவற்றின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். புதிய சட்டத்தில் பாதுகாப்புக் குறைவுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது அரசின் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. கவனக்குறைவான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழிதந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்கிவிடுகிறது. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது. நீக்கம் நடப்புக்கு வரும்வரை, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரலாம்.

நீங்கள் கேட்காத மாற்றம் நடந்ததாக அறிவிப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வழியாக மாற்றம் வந்தது என்ற பதிவைக் கேளுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள்.

வங்கிப் பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதி கைகொடுக்கும். தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. தவறு வங்கியுடையது என்றால், நீங்கள் தெரிவிக்காமல் இருந்தாலும் இழப்பு வங்கியுடையதே. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது உங்கள் பொறுப்பு. 30 நாளில் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். ‘நீங்கள்தான் ஓடிபி கொடுத்திருப்பீர்கள்’ என்று கிளையில் சொன்னால் தயங்கித் திரும்பி வராதீர்கள். வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, அதே விதியின்படி, வங்கிக்கே உரியது.