கையகல விமானம்

பெரியோர் செய்யும் தொழில்களைச் சிறியோர் விளையாட்டாகச் செய்து பார்ப்பது உலக இயற்கை. தாய் சோறு சமைக்கக் கண்ட சிறுமி மணலில் சோறாக்குகிறாள். வண்டி செல்வதைக் கண்ட சிறுவன் நுங்குக் குரும்பைகளைக் குச்சியில் கோத்து வண்டி உருட்டுகிறான். நம் புலவர்களும் இவ்வியல்பை நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகச் சிறுதேர் உருட்டலை வைத்தனர். பெரிய பொருள் ஒன்றைச் சிறிய வடிவில் செய்து, கையில் ஏந்திப் பார்த்து மகிழும் ஆசை மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டில் மனிதன் வானத்தில் பறக்கத் தொடங்கியபோது, அவ்வாசை விமானத்தையும் பற்றிக்கொண்டது.

இங்ஙனம் தோன்றியவையே மாதிரி விமானங்கள். மாதிரி விமானம் வெறும் பொம்மையன்று. பொம்மைக்கு இறக்கையும் வாலும் இருந்தால் போதும்; அவை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று குழந்தை கேட்பதில்லை. மாதிரி விமானமோ அளவுக்குக் கட்டுப்பட்டது. உண்மை விமானத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் சுருங்கி அதில் அமைதல் வேண்டும். 72-இல் ஒரு பங்கு என்னும் விகிதம் உலகெங்கும் பெருவழக்காக உள்ளது. ஆறடி உயரமுள்ள மனிதன் இவ்விகிதத்தில் ஓர் அங்குல உயரமாகிவிடுவான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் போர் விமானத்தின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 36 அடி 10 அங்குலம் நீண்டவை. மாதிரியில் அவை 6 அங்குலத்தைச் சற்றே கடக்கும். வானத்தைக் கிழித்துச் சென்ற விமானம் உள்ளங்கையில் வந்து அமர்ந்துவிடுகிறது. ஆயினும் இச்சுருக்கத்தில் ஓர் இடர் உண்டு. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் அளவு பிழை நேரின், அஃது உண்மை விமானத்தில் 7.2 சென்டிமீட்டர் பிழைக்கு ஒப்பாகும். பொருள் சிறுக்கச் சிறுக்கப் பிழை பெருக்கும் என்பது இக்கலையின் முதல் விதி.

தொடக்கத்தில் இத்தகைய மாதிரிகள் மரத்தால் செய்யப்பட்டன. 1932-இல் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்னும் பெயருடன் மரத்தாலான உறுப்புத் தொகுதிகள் வெளிவந்தன. வாங்குவோர் மரத்தைச் செதுக்கித் தேய்த்து வடிவாக்குதல் வேண்டும். 'பிராக்' என்னும் மற்றொரு நிறுவனம் ரப்பர் முறுக்கால் பறக்கும் சிறு விமானங்களைச் செய்தது. பிராக் என்பது ஆங்கிலத்தில் தவளையைக் குறிக்கும் சொல். அன்றியும், 'தரையினின்று நேரே எழுந்து பறப்பது' என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளும் அவையே. அந்நிறுவனம் 1936-இல் பறவாத மாதிரிகளைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டபோது, அவற்றிற்குப் 'பென்குயின்' எனப் பெயரிட்டது. பென்குயின் இறக்கை இருந்தும் பறவாத பறவையன்றோ? அக்காலத்துப் பிளாஸ்டிக்கிற்கு நாளடைவில் வளைந்து கோணும் குறை இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்ப் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் அக்குறையை நீக்கிற்று. உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுகளுள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தி, நுண்ணிய உறுப்புகளை ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்க முடிந்தது. 1950-களில் ஏர்பிக்ஸ் நிறுவனத்தின் தொகுதிகள் சிறுவர்களின் கைச்செலவுக் காசுக்கே கடைகளில் கிடைத்தன.

தொகுதி அடங்கிய பெட்டியைத் திறக்கும் வேளை இன்பமானது. கொடியில் காய்கள் தொங்குவதுபோல, மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களில் உறுப்புகள் தொங்கும். உடலின் இரு பாதிகள், இறக்கைகள், வால், உருளைகள், சுழல்விசிறி, விமானியின் இருக்கை, ஏன், விமானியே கூட அங்கே இருப்பான். எல்லாம் இப்போதே சேர்ந்து விமானமாகிவிடும் என்று மனம் விரையும். அவ்விரைவே முதற் பகை.

சட்டத்தினின்று உறுப்பைக் கையால் முறுக்கிப் பறித்தால் அதன் விளிம்பும் உடன் கிழிந்துவரும். கூரிய கத்தியால் அறுத்து, எஞ்சிய முனையை அரத்தால் தேய்த்து நீக்குதல் வேண்டும். சில உறுப்புகள் அரிசிக் குறுநொய்யினும் சிறியவை. அவற்றை விரலால் பற்ற இயலாது. பொற்கொல்லர் கையாளும் சாமணத்தால் பற்றுதல் வேண்டும். பிடி சற்றே இறுகினால், அவ்வுறுப்பு வில்லினின்று விடுபட்ட அம்புபோலத் துள்ளி மறையும். பின்னர் விளக்கை ஏந்தித் தரையில் மண்டியிட்டுத் தேடுவதே வேலையாகும். ஒரு நாழிகை தேடிக் காணாதது, மறுநாள் வீடு பெருக்குவோரின் முறத்தில் கிடைத்தலும் உண்டு. கிடையாது போதலும் உண்டு.

அடுத்தது ஒட்டும் வேலை. இதற்குரிய பசை பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து உருக்கும் தன்மையது. இரு விளிம்புகளும் உருகி ஒன்றோடொன்று கலக்கும்; பசையிலுள்ள திரவம் ஆவியாகப் போனபின் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். இதுவே பசையின் சிறப்பு. இதுவே அதன் தீமையும் ஆம். ஒரு துளி மிகுந்து வழிந்தால், அது பட்ட இடமெல்லாம் உருகும். அதைத் துடைக்கச் சென்ற விரலின் ரேகை விமானத்தின் மீது முத்திரையாகப் பதிந்துவிடும். விமானி அமர்ந்திருக்கும் கண்ணாடிக் கூண்டின்மீது பட்டாலோ, தெளிந்த கண்ணாடி கண்புரை விழுந்த கண்ணைப் போல மங்கிவிடும். விரைவில் இறுகும் வேறு வகைப் பசை ஒன்றுண்டு. அதன் ஆவியே கண்ணாடியின்மீது வெண்படலமாகப் படியும்.

இறக்கைகளைப் பொருத்துதல் பெரிதும் கவனம் வேண்டும் வேலை. ஸ்பிட்பயர் போன்ற விமானங்களில் இறக்கைகள் முனையை நோக்கிச் சற்றே மேலெழுந்து செல்லும். அவ்வெழுச்சி இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் விமானம் தோளுடைந்த பறவைபோலத் தோன்றும். ஆகவே பசை இறுகும்வரை, அட்டையும் தீப்பெட்டியும் முட்டுக்கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். மூக்கின்கீழ் உருளை உடைய விமானங்களில் மற்றொரு பொறி வைக்கப்பட்டுள்ளது. உடலின் இரு பாதிகளையும் மூடுமுன் மூக்கினுள் ஈயக் குண்டு போன்ற பாரம் ஒன்றை வைத்துவிடுதல் வேண்டும். வழிகாட்டும் தாளில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அதைப் படியாது மூடியவன், பல நாள் உழைத்து, வண்ணமும் பூசி, மேசைமேல் விமானத்தை நிறுத்துவான். அதுவோ மூக்கை வானுக்கு உயர்த்தி, வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். அந்நிலையில் உடலைப் பிளக்காமல் திருத்த வழியில்லை.

பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். உண்மை விமானத்தில் அத்தகைய பிளவு இல்லை. ஆதலின் பட்டி வைத்து அடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, நீரால் கழுவி மீண்டும் தேய்த்தல் வேண்டும். மிகத் தேய்த்தால் அருகிலுள்ள நுண்ணிய வரிகள் அழியும். குறையத் தேய்த்தால் கோடு எஞ்சும். வண்ணம் பூசும்போதும் பொறுமையே துணை. ஒருமுறை தடித்துப் பூசுவதினும் இருமுறை மெல்லிதாகப் பூசுதல் நன்று. முதற் பூச்சு உலர்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பவன், அஃது உலரவில்லை என்பதைத் தன் விரலடையாளத்தால் அறிந்துகொள்வான்.

இறுதியாக எழுத்துகளும் வட்டச் சின்னங்களும் அமைந்த மெல்லிய படங்களை நீரில் நனைத்து, தாளினின்று நழுவவிட்டு, உரிய இடத்தில் பதித்தல் வேண்டும். கரையருகே வந்த கப்பலைக் காற்றுக் கவிழ்ப்பதுபோல, இங்கேயும் கேடு நேர்வதுண்டு. படம் சுருண்டு தன்மேல் தானே ஒட்டிக்கொண்டால் அதைப் பிரித்தல் அரிது. வழவழப்பில்லாத பரப்பில் பதித்தால், அடியில் காற்றுத் தங்கி, உலர்ந்தபின் வெள்ளிபோல் மினுங்கும்.

இத்துணைத் தொல்லைகளையும் ஏற்று மக்கள் இதனை ஏன் செய்கின்றனர்? கண்ணால் மட்டும் பார்த்தவன் அறியாதவற்றைக் கையால் செய்தவன் அறிகிறான். ஸ்பிட்பயரின் படத்தைக் கண்டவர் அதன் இறக்கை அழகியது என்பர். அதனைப் பொருத்தியவனோ, அஃது ஏன் நீள்வட்டமாகக் குவிந்தது என்று கேட்பான். இறக்கை மெலிதாகவும் இருத்தல் வேண்டும். எட்டுத் துப்பாக்கிகளையும், மடங்கும் உருளைகளையும் தன்னுள் அடக்குதலும் வேண்டும். அவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றிய வடிவம் அது என்று தேடி அறிவான். அதனை வகுத்தவர் ஆர். ஜே. மிட்செல். 1936 மார்ச் 5-ஆம் நாள் ஸ்பிட்பயர் முதன்முதல் பறந்தது. அடுத்த ஆண்டிலேயே, தம் 42-ஆம் வயதில் அவர் மறைந்தார். 1940-இல் இங்கிலாந்தின் வானத்தைக் காத்ததில் தம் விமானத்திற்குப் பெரும்பங்கு கிட்டியதை அவர் காணவில்லை. கையகல இறக்கை ஒன்று இத்துணை வரலாற்றைத் தேடச் செய்கிறது.

மாதிரி விமானத்தின் நுண்மை உயிர் காக்கும் பொருளான காலமும் உண்டு. 1939 செப்டம்பர் 3-இல் இங்கிலாந்து போரில் இறங்கிற்று. மூன்றாம் நாள், அந்நாட்டு ஸ்பிட்பயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிகேன் விமானங்கள் இரண்டைப் பகைவருடையவை என்று கருதிச் சுட்டு வீழ்த்தின; ஓர் இளம் விமானி உயிர் துறந்தார். தொலைவில் தெரியும் வடிவத்தை நொடிப்பொழுதில் இன்னதென்று அறியும் பயிற்சி எத்துணை இன்றியமையாதது என்பதை இத்தகைய நிகழ்ச்சிகள் உணர்த்தின. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தருமாறு வேண்டியது. அவையும் 72-இல் ஒரு பங்கு அளவினவே. மாணவர்கள் வரைபடங்களைக் கொண்டு மரத்தைச் செதுக்கிக் கருவண்ணம் பூசினர். 35 அடித் தொலைவில் தொங்கும் அம்மாதிரி, 2,520 அடி, அஃதாவது ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் விமானத்தைப் போலத் தோன்றும். அதனை நோக்கி வீரர்கள் நண்பரையும் பகைவரையும் பிரித்தறியப் பயின்றனர். அளவு பிழைத்த இறக்கை ஒன்று, வீரர் ஒருவருக்குப் பிழையான பாடத்தைக் கற்பித்துவிடும். ஆகவே செய்த மாதிரிகளை அளந்து பார்த்தே ஏற்றுக்கொண்டனர்.

தோல்வியினின்று கற்றலுக்கு ரைட் சகோதரர்களின் வாழ்வே சான்று. 1878-இல் அவர்களுடைய தந்தை மூங்கில், தக்கை, காகிதம், ரப்பர் ஆகியவற்றால் ஆன பறக்கும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். வில்பருக்கு அப்போது வயது 11, ஆர்விலுக்கு 7. அவர்கள் அதைப்போலத் தாமே செய்து பறக்கவிட்டனர். பின்னர்ப் பெரிதாகச் செய்தனர். அது சரிவரப் பறக்கவில்லை. அளவு இருமடங்காயின் ஆற்றல் எண்மடங்கு வேண்டும் என்பதை அவர்கள் அக்காலத்தில் அறியார். வளர்ந்தபின் அவர்கள் செய்த மிதவை விமானமும் 1901-இல் எதிர்பார்த்தபடி அமையவில்லை. அவர்கள் மனம் தளர்ந்தனர். ஆயினும் முயற்சியைக் கைவிடவில்லை. காற்றுச் செலுத்தும் நீண்ட பெட்டி ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 200 சிறு இறக்கை வடிவங்களை அதில் வைத்து ஆராய்ந்தனர். பிழை எங்கே உள்ளது என்பதை அச்சிறு மாதிரிகளே காட்டின. 1903 டிசம்பர் 17-இல் அவர்களுடைய விமானம் 12 நொடிகள் வானில் நின்றது.

இக்காலத்தில் வண்ணம் பூசி முடித்த மாதிரிகள் கடையிலேயே கிடைக்கின்றன. அவை குறையற்றவை, காண்பதற்கு இனியவை. ஆயினும் கைப்பழக்கம் மிக்கோர் பலர், தாம் முதன்முதல் செய்த கோணல் விமானத்தையே அலமாரியில் போற்றி வைத்திருப்பர். அதன் ஓர் இறக்கை தாழ்ந்திருக்கும். கண்ணாடியில் பசைத்துளி உலர்ந்திருக்கும். அதன் அருகே நிற்கும் அடுத்த விமானத்தில் இறக்கை ஒத்திருக்கும். ஆனால் வண்ணம் வழிந்திருக்கும். மூன்றாவதில் அதுவும் நீங்கியிருக்கும். உடலினுள் மூடப்பட்ட இருக்கையின் வாரைப் பிறர் எவரும் காணார். காணார் என்று தெரிந்தும் அதற்கு உரிய வண்ணத்தைத் தீட்டி மூடினவன் அதில் ஒருவன் இருப்பான். வேலையை நேர்மையாகச் செய்தோம் என்னும் நிறைவு அவனுக்கு உரியது. அதை எக்கடையிலும் வாங்க இயலாது.