சைனஸுக்கு ஆன்டிபயாடிக் எப்போது வேண்டும்?

மார்கழிப் பனி இறங்கி, தை பிறந்து, சம்பா அறுவடை தொடங்கும் வாரங்களில் தஞ்சாவூர், ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி வட்டார மருந்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “அண்ணே, தலை பாரமா இருக்கு. மூக்கு அடைச்சுக்கிட்டு சளி மஞ்சளா வருது. சைனஸுக்கு பவரா ஏதாவது குடுங்க.” கடைக்காரர் அட்டையிலிருந்து அசித்ரோமைசின் மூன்றைக் கத்தரிக்கிறார். கூடவே ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை. எல்லாம் ஒரே உறையில் வந்துவிடுகிறது. நான்கைந்து நாளில் உடம்பு தேறியும் விடுகிறது. அடுத்த பனிக்காலத்தில் வீட்டில் இன்னொருவருக்குத் தலை பாரமானால் அதே மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

உடம்பு தேறியது உண்மைதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆன்டிபயாடிக் இல்லாமலும் அதே நாளில் தேறியிருக்கும். ஏன் என்று புரிய, முகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் இருக்கின்றன. கன்னத்தில், நெற்றியில், இரு கண்களுக்கு நடுவில், மூக்குக்கு வெகு பின்னால். அவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். அவற்றின் உட்சவ்வு ஓயாமல் சளிநீரைச் சுரக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அதைத் தள்ளிக்கொண்டே போய்ச் சிறு துவாரம் வழியாக மூக்குக்குள் விடுகின்றன. கன்னத்து அறையின் துவாரம் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. அதனால் நாம் நிமிர்ந்திருக்கும்போது சளி தானாக இறங்கி வராது. நுண்மயிர்கள்தான் அதை மேலேற்றி வெளியேற்ற வேண்டும். ஜலதோஷம் பிடித்தால் சவ்வு வீங்குகிறது, துவாரம் அடைபடுகிறது, நுண்மயிர்கள் தளர்ந்துபோகின்றன, சளி தேங்குகிறது. குனிந்தால் கன்னம் கனப்பது, மேல்வரிசைக் கடைவாய்ப் பல் வலிப்பது, குழம்பின் மணம் தெரியாமல் போவது எல்லாம் இதன் விளைவுகள். வடிகால் தூர்ந்து தண்ணீர் தேங்கிய வயலில் பயிர் பழுத்தால், நம் விவசாயி மண்வெட்டியோடு வடிகாலைத் தேடித்தான் போவார். பூச்சிமருந்து வாங்கப் போக மாட்டார். சைனஸிலும் முதல் வேலை வடியவைப்பதுதான்.

இந்த அடைப்பைத் தொடங்கிவைப்பவை அநேகமாக வைரஸ்கள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. பெரியவர்களுக்கு வரும் ஜலதோஷங்களில் நூற்றுக்கு இரண்டுகூடப் பிற்பாடு பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுவதில்லை என்பதே மருத்துவ நூல்கள் தரும் கணக்கு.

“சளி பச்சையாகிவிட்டதே, அது கிருமிதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களிடமும் வேரூன்றிவிட்ட நம்பிக்கை இது. தேவையில்லாத மாத்திரைகளில் பெரும்பகுதி இதை வைத்தே விழுங்கப்படுகிறது என்று நினைக்கிறேன். தொற்றோடு போராட வரும் வெள்ளணுக்களுக்குள் பச்சை நிறம் கொண்ட ஒரு நொதி இருக்கிறது. அவை சளியில் சேரச் சேர அது மஞ்சளாகி, பிறகு பச்சையாகிறது. எதிரி வைரஸாக இருந்தாலும் வெள்ளணு வரும், நிறமும் மாறும். சாதாரண ஜலதோஷத்திலும் நான்காம், ஐந்தாம் நாளில் சளி கெட்டியாகி நிறம் மாறுவது இயல்பு.

ஆகவே நிறத்தை விட்டுவிட்டு நாளை எண்ணுங்கள். பாக்டீரியா தொற்று என்று மருத்துவர்கள் சந்தேகிக்க மூன்று தடயங்கள் உண்டு. தொல்லை 10 நாள் ஆகியும் சற்றும் குறையாமல் நிற்பது முதலாவது. தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது ஏறக்குறைய 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலும், சீழ் போன்ற சளியோ கடுமையான முகவலியோ சேர்ந்து மூன்று நான்கு நாள் விடாமல் அடிப்பது இரண்டாவது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: ஐந்தாறு நாளில் தேறிக்கொண்டே வந்து, திடீரென மறுபடி காய்ச்சலும் தலைவலியும் சளியும் கூடுவது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் நாலாம் நாளே ஆன்டிபயாடிக் தொடங்குவதில் பயன் மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலகெங்கும் நடந்த மருந்தாய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் பெரியவர்களின் சைனஸ் தொற்று பற்றிய தொகுப்பை வெளியிட்டது. ஆன்டிபயாடிக் எடுக்காதவர்களில் 100-க்கு 46 பேர் ஒரு வாரத்திலும் 64 பேர் இரண்டு வாரத்திலும் குணமாகியிருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் கூடுதலாக விரைந்து குணமானவர்கள் 100-க்கு 5 பேர். வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவுக்குக் கூடுதலாக ஆளானவர்கள் 13 பேர். ஐந்து பேர் சில நாள் முன்னதாகத் தேற, பதின்மூன்று பேர் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு முன், 2012-ல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 166 பேரை வைத்து நடந்த ஆய்வில், அமாக்ஸிசிலின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் மூன்றாம் நாளிலும் பத்தாம் நாளிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

சரி, உண்மையிலேயே பாக்டீரியா தொற்றுதான் என்றால்? அப்போது மருந்து வேண்டும், தயங்கக் கூடாது. சைனஸில் வழக்கமாகக் குடியேறும் பாக்டீரியாக்களான நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே, மொராக்செல்லா ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது அமாக்ஸிசிலின் அல்லது அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. பெரியவர்களுக்குப் பொதுவாக 5 முதல் 7 நாள் போதும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் உண்டு. கடையில் முதலில் கைக்கு வரும் அசித்ரோமைசினை சைனஸுக்கு முதல் மருந்தாகத் தர வேண்டாம் என்று 2012-லேயே அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி சொல்லிவிட்டது; நிமோகாக்கஸ் அந்த மருந்துக்குப் பெருமளவு பழகிவிட்டதுதான் காரணம். இந்தியாவிலோ 2019-ல் தனியார் விற்பனையில் மிக அதிகம் போன ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான். அடுத்த இடம் செஃபிக்ஸிம் 200-க்கு.

அசித்ரோமைசினை இப்படி இறைப்பது காவிரிப் பாசனப் பகுதிக்கு இன்னொரு வகையிலும் ஆபத்து. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் இதே மாதங்கள்தான் தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சலின் காலம். புதர், வரப்பு, புல்வெளிகளில் இருக்கும் ஒருவகை நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் அது வருகிறது. காய்ச்சல், கடுமையான தலைவலி, உடல்வலி. சிலருக்கு அக்குளிலோ இடுப்பிலோ கறுத்துப் பொருக்குத் தட்டிய சிறு புண். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு எலிக் காய்ச்சலும் வரலாம். இரண்டிலும் தலைவலிதான் முன்னால் வந்து நிற்கும். “சைனஸ் தலைவலி” என்று நினைத்து மூன்று மாத்திரையை விழுங்கிவிட்டு வயலுக்குப் போனால், நோய் பாதி அடங்கி, பாதி வளர்ந்து, கண்டுபிடிக்கச் சிரமமாகிவிடும். முற்றிய உண்ணிக் காய்ச்சலில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துத் தருவது ஒற்றை மருந்தைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய இந்திய ஆய்வு காட்டியது. டைஃபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோஃபிளாக்சசினுக்கு அடங்காமல் போய்விட்ட நம் நாட்டில், வாய்வழி மாத்திரையாக எஞ்சியிருக்கும் சிலவற்றில் அசித்ரோமைசின் ஒன்று. தானாகப் போகும் மூக்கடைப்புக்கு அதைச் செலவழிப்பது என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு.

கிருமியே இல்லாத சைனஸ் தொல்லையும் இந்தப் பக்கம் நிறைய. அறுவடை மெஷின் கிளப்பும் தூசி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றும்போது பறக்கும் சுணை, அரிசி ஆலையின் தவிடும் உமியும், நாள்கணக்கில் ஈரம் காயாத சுவரில் பூக்கும் பூஞ்சை. இவை மூக்கின் சவ்வை எரிச்சலூட்டி வீங்கவைக்கும். அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, தண்ணீராய் ஒழுகும் மூக்கு, ஆனால் காய்ச்சல் இல்லை; வருடம் தவறாமல் அதே காலத்தில் வருகிறது என்றால் ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே இதற்கு நல்ல மருந்து. மருத்துவரிடம் கேட்டு, சொன்ன முறையில், சில வாரங்கள் விடாமல் அடிக்க வேண்டும். ஒரு நாள் அடித்துவிட்டுப் பலனில்லை என்று வைத்துவிடக் கூடாது. களத்தில் நிற்பவர்கள் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வாமைக்கு ஆன்டிபயாடிக் எத்தனை அட்டை தின்றாலும் பயன் இல்லை.

காத்திருக்கும் அந்தப் பத்து நாளில் செய்யக்கூடியவை உண்டு. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது அவற்றில் சிறந்தது. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. தண்ணீர் கட்டாயம் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும்; குழாய்நீர், ஆற்றுநீர், குளத்துநீர் எதுவும் கூடாது. மூக்கு வழியே மூளைக்கு ஏறும் அமீபா தொற்றால் அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் பலர் இறந்திருக்கிறார்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். நொச்சித் தழை போட்டு வேது பிடித்தால் பெரியவர்களுக்கு இதமாக இருக்கும். குழந்தைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்காரவைக்காதீர்கள். அது கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது புதிதல்ல. அடைப்பை உடனே திறக்கும் மூக்குச் சொட்டு மருந்துகளை மூன்று, மிஞ்சினால் ஐந்து நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் சொட்டு விடாவிட்டாலே மூக்கு அடைத்துக்கொள்ளும் நிலை வந்துவிடும்.

பத்து நாள் காத்திருக்கவே கூடாத அறிகுறிகளையும் சொல்ல வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கமோ சிவப்போ, பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, நெற்றி வீங்குவது, கழுத்து விறைப்பது, பேச்சில் குழப்பம், தாங்க முடியாத தலைவலி: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2021 மே மாதத்தில் தமிழக அரசு அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கிய கருப்புப் பூஞ்சையை நினைவிருக்கலாம்; அதுவும் சைனஸில்தான் தொடங்குகிறது. ஒரு பக்க முகவலி, கன்னம் மரத்துப்போவது, மூக்கில் கறுத்த பொருக்கு என்று வரும். பூஞ்சையை ஆன்டிபயாடிக் தொடாது. ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் மேல்பல் சொத்தையைப் பாருங்கள், பல் வைத்தியரிடம் போக வேண்டியிருக்கும். 12 வாரம் தாண்டிய தொல்லைக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆன்டிபயாடிக்குகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் நடப்புக்கு வந்த எச்-1 பட்டியலில் உள்ள செஃபிக்ஸிம், லெவோஃபிளாக்சசின் போன்றவற்றுக்கு நோயாளி, மருத்துவர் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்த வழியைத் திறந்ததில் 2012-ல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனத்துக்குப் பங்குண்டு. கேரளம் 2024-ல் திடீர்ச் சோதனைகள் நடத்தி, சீட்டில்லாமல் விற்கும் கடைகளைப் பிடித்தது. தமிழ்நாட்டிலும் அந்தக் கண்டிப்பு வர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அறுவடை நேரத்தில் ஒரு நாள் கூலியை இழந்து யாரும் ஆஸ்பத்திரியில் காத்திருக்க மாட்டார்கள். மாலையிலும் மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமங்களில் கூடினால்தான் கடை வாசல் கூட்டம் குறையும். மருத்துவர்களிலும் கேட்டதுமே எழுதித் தருபவர்கள் உண்டு. ஆன்டிபயாடிக் எழுதினால் காரணத்தையும் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்று 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது.

மருத்துவரிடம் போனால் எத்தனை நாளாக, இடையில் தேறியதா, சர்க்கரை உண்டா, கர்ப்பமா, பெனிசிலின் ஒவ்வாதா என்பதைச் சொல்லுங்கள். கடையில் ஏற்கெனவே ஏதாவது வாங்கிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள், அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். “இன்னும் சில நாள் பொறுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள், தொற்று லேசாக இருந்தால் ஒரு வாரம் வரை கவனித்துப் பார்ப்பதை வழிகாட்டிகளே ஏற்கின்றன. ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளில் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் அதே மருத்துவரிடம் திரும்பப் போங்கள். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் இன்னொரு அட்டை வாங்க வேண்டாம்.