ஒரே தண்ணீரில் மீனும் கீரையும்: வீட்டில் அக்வாபோனிக்ஸ் அமைப்பது எப்படி?

பெங்களூரு: தண்ணீர்ப் பற்றாக்குறை கடுமையாக நிலவிய 2024 மார்ச் மாதத்தில், தோட்டங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தப் பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு ரூ.5,000 அபராதம் விதிக்கப்படும் என்றும் அறிவித்தது. இத்தகைய நகரில், ஒரே நீரைச் சுழற்சியாகப் பயன்படுத்தி மீனும் கீரையும் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் முறை கவனம் பெறுகிறது.

செயல்படும் விதம்

மீன் கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகள் உரமாக ஈர்த்துக்கொள்கின்றன. தெளிந்த நீர் மீண்டும் மீன் தொட்டிக்குத் திரும்புகிறது. ஆவியாகும் நீரையும் செடிகள் உறிஞ்சும் நீரையும் மட்டும் ஈடுசெய்தால் போதும்.

வளர்ப்புப் படுகை

உணவுப் பொருள் சேமிக்கத் தகுந்த 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்காக இரண்டாக வெட்டினால், சுமார் 30 செ.மீ. ஆழமுள்ள இரு படுகைகள் கிடைக்கும். அவற்றில் கழுவிய ஜல்லியை நிரப்ப வேண்டும். வினிகர் பட்டால் நுரைக்கும் ஜல்லியில் சுண்ணாம்பு இருக்கும். அதைத் தவிர்க்க வேண்டும். தொட்டி நீரை மோட்டார் படுகைக்கு ஏற்ற, வடிகுழாய் அதைத் திருப்பி அனுப்பும்.

எச்சரிக்கை

நீருடன் ஒரு படுகையின் எடை ஏறத்தாழ 200 கிலோ. எனவே, மாடியின் தாங்குதிறனைப் பொறியாளரிடம் உறுதி செய்வது அவசியம். குழாய் நீரிலுள்ள குளோரின் மீன்களுக்குத் தீங்கானது. சேமித்த மழைநீரைப் பயன்படுத்தலாம். நுண்ணுயிரிகள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை அதிகமாக விட்டால் அவை இறக்க நேரிடும். மின்தடையின்போது ஆக்சிஜன் குறையாமலிருக்க, பேட்டரியில் இயங்கும் காற்று பம்பு ஒன்றும் தேவை.