ஒன்றன் விலை காணும் கணக்கு

இராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நடைபெறும் ஏலத்தில் மீன் பெரும்பாலும் கூடைக் கணக்கில் விலைபோகின்றது. அதனை வாங்கும் பெண்மணியோ தெருவிற் கிலோக் கணக்கில் விற்றல் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது ஒரு வகுத்தலே. நம் முன்னோர் திரைராசிகம் என வழங்கிய கணக்கின் ஒரு கிளை இது.

12.5 கிலோ நிறையுள்ள சங்கரா மீன் கூடையொன்று 2,250 ரூபாய்க்கு ஏலம் போயிற்று எனக் கொள்வோம். வகுக்கும் எண்ணிலே தசாம்சப் புள்ளி நிற்பது கண்டு மாணவர் மயங்க வேண்டுவதில்லை. இரண்டெண்களையும் ஒரே எண்ணாற் பெருக்கின் ஈவு மாறாது. பத்தாற் பெருக்கினால் 22,500-ஐ 125-ஆல் வகுத்தலாகும். எட்டாற் பெருக்கினாலோ 18,000-ஐ 100-ஆல் வகுத்தலாகி, மனத்தாலேயே 180 என்று கூறிவிடலாம்.

பாடப் புத்தகக் கணக்குகள் பல இத்துடன் நின்றுவிடுகின்றன. அது நமக்கு உடன்பாடன்று. ஐஸ்கட்டிக்கும் வண்டிக்கும் 200 ரூபாய் செலவாயிற்றெனின், வகுபடும் எண் 2,450. ஒரு கிலோவின் அடக்கம் 196. அடக்கம் 180 என நம்பி 190-க்கு விற்பவர், 125 ரூபாய் ஆதாயம் எதிர்பார்த்து 75 ரூபாய் நஷ்டத்துடன் வீடு திரும்புவார். அரைக் கிலோ நசுங்கிப் பழுதாயின் வகுக்கும் எண்ணும் 12 ஆகக் குறையும், ஈவு 204.1666… என முடிவின்றி நீளும். வகுப்பறை வழக்கப்படி இதனை 204 எனச் சுருக்கினால் 2,448 ரூபாயே கைக்கு வரும். முதலில் இரண்டு ரூபாய் குறையும். ஆதலின் விற்பவர் 205 என்று மேல்நோக்கியே முழுமையாக்குதல் வேண்டும்.

இச்சில்லறைப் பின்னம் அற்பமன்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தபொழுது, 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா கொண்டதாயிற்று, ஓரணா 6.25 நயா பைசாவாயிற்று. கால் நயா பைசாவிற்கு நாணயமில்லை. எனவே மாற்று அட்டவணை ஓரணாவிற்கு 6 என்றும், மூவணாவிற்கு 18.75-ஐ நிரப்பி 19 என்றும் விதித்தது. ஓரணாப் பண்டத்தை மும்முறை வாங்கினால் 18. மூன்றையும் ஒருங்கே வாங்கினால் 19!

இக்காலத்துப் பொட்டலங்களில் கிராமுக்கோ கிலோவுக்கோ ஆகும் விலையையும் அச்சிட வேண்டுமென 2021-ஆம் ஆண்டுத் திருத்த விதி பணித்தது. மீன் கூடைக்கு அவ்வாறு அச்சிடுவார் யார்? ஏலங் கூறுபவர் அடுத்த கூடைக்குச் செல்லுமுன் வாங்குபவரே கணித்தாக வேண்டும். அங்கே வகுத்தலைக் காட்டிலும் பெருக்கலே விரைவுடைத்தென்று நாம் கருதுகின்றோம். தெருவிற் கிலோ 220-க்கு விலைபோகுமெனின், கண்ணால் மதித்த 12 கிலோவிற்கு 2,640. செலவு 200, தம் உழைப்பிற்கு 300 நீக்கின் 2,140. கேள்வி அதற்கு மேற் சென்றால் அக்கூடையை விட்டு அடுத்ததை நோக்கலாம்.